கத்தியா, காத்திருப்பா: வெடித்த குடல்வாலும் ஏலமலைச் சரிவுகளும்

குடல்வால் அழற்சி எந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலும் அன்றாடம் காணப்படும் நோய். அதற்கான அறுவையும், அறுவை மருத்துவம் பயில்வோர் தொடக்கத்திலேயே கைப்பழகும் அறுவைகளுள் ஒன்று. ஆனால் அதே நோய் சில நாட்கள் கவனிக்கப்படாமல் போய், குடல்வால் துளைபட்டு, சீழ் கட்டியோ சுற்றியுள்ள குடல்களோடு ஒட்டித் திரண்டோ நிற்கும்போது, நீண்ட அனுபவமுள்ள அறுவை மருத்துவரும் கத்தியை எடுப்பதற்கு முன் நின்று யோசிக்கிறார். உடனே வயிற்றைத் திறந்து குடல்வாலை நீக்குவதா, அல்லது மருந்தால் அழற்சியைத் தணித்து, தேவைப்பட்டால் சீழை மட்டும் வடித்து, உடல் தானே கட்டியிருக்கும் தடுப்பைக் குலைக்காமல் காத்திருப்பதா என்னும் கேள்வி நூறாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகில் விவாதிக்கப்பட்டு வருகிறது. போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே கேரள எல்லை வரையும் அதைத் தாண்டியும் விரிந்துள்ள ஏலமலைச் சரிவுகளிலும் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. ஏனெனில் இது மணிக்கணக்கில் முற்றும் நோய். அந்த மணிநேரங்களில் பெரும்பகுதியை மலையும் பாதையும் கூலிவேலையும் எடுத்துக்கொள்கின்றன.

நோய் முற்றும் வழி

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது அடிவயிற்றில், ஒரு பை போன்ற பகுதி உள்ளது. அதிலிருந்து தொங்கும், பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள மெல்லிய குழாயே குடல்வால். அதன் ஒரு முனை மட்டுமே குடலுக்குள் திறக்கிறது, மறுமுனை மூடியது. இறுகிய மலத்துணுக்கான மலக்கல்லோ, வீங்கிய நிணநீர்த் திசுவோ, சில வேளைகளில் குடற்புழுவோ அந்த ஒற்றை வாயை அடைத்துவிட்டால், உட்சுவர் தொடர்ந்து சுரக்கும் சளி வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அதில் குடலின் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. உள்ளழுத்தம் கூடக்கூட முதலில் சுவரின் சிரைகளும் பின்னர் தமனியும் நசுங்குகின்றன. குடல்வாலுக்குக் குருதி கொண்டுவரும் தமனிக்கு மாற்றுக் கிளை இல்லாததால், அது அடைபட்டதும் சுவர் குருதியின்றி அழுகத் தொடங்கி, இறுதியில் துளைபடுகிறது. வலி தொடங்கி ஒன்றரை நாள் கடந்த பிறகு துளைபடும் வாய்ப்பு மணிக்கு மணி கூடுவதால்தான், இந்த நோயில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி வலி எப்போது தொடங்கியது என்பதாக இருக்கிறது.

வலியும் இந்த வளர்ச்சியை ஒட்டியே இடம் மாறுகிறது. தொடக்கத்தில் குடல்வாலின் உள்ளுறுப்பு நரம்புகள் மட்டுமே தூண்டப்படுவதால் வலி தொப்புளைச் சுற்றி மங்கலாக உணரப்படுகிறது; பின்னர் அழற்சி வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொடும்போது, வலி வலது அடிவயிற்றில் கூர்மையாக நிலைகொள்கிறது. பசியின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல் ஆகியவை உடன் வருகின்றன. இந்த அறிகுறிகளையும், வயிற்றை அழுத்திப் பார்த்து அறிவனவற்றையும், குருதியின் வெள்ளணு எண்ணிக்கையையும் சேர்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடும் அல்வராடோ அளவுகோல் 1986-இல் வெளிவந்தது. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு மிகுதி. அதற்குத் தேவையானவை மருத்துவரின் கையும் ஓர் எளிய குருதிப் பரிசோதனையும் மட்டுமே என்பதால், ஸ்கேன் கருவி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் யாரை உடனே கீழே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவும்.

துளைபட்ட குடல்வாலின் பின்விளைவு எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்குச் சீழும் குடற்கழிவும் தடையின்றி வயிற்றறை முழுவதும் பரவி, வயிறு பலகையாக இறுகி, நாடி விரைந்து, உயிருக்கே ஆபத்தான பரவிய சவ்வழற்சி உண்டாகிறது. வேறு சிலருக்கு, கரை உடைந்த கண்மாயைச் சுற்றி ஊரார் மணல்மூட்டை அடுக்குவது போல, வயிற்றுக்குள் திரைச்சீலையாகத் தொங்கும் கொழுப்பு மடிப்பான வபையும் அண்டையிலுள்ள குடல் வளையங்களும் நகர்ந்து வந்து, புண்பட்ட இடத்தைச் சூழ்ந்து ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் உருவாகும் இந்த ஒட்டிய திரளைக் குடல்வால் திரள் என்றும், அதன் நடுவே சீழ் தேங்கி நின்றால் குடல்வால் சீழ்க்கட்டி என்றும் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். பரவிய சவ்வழற்சி, திரள், சீழ்க்கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தே சிக்கலான குடல்வால் அழற்சி எனப்படுகின்றன. இவற்றுள் முதலாவதில் விவாதத்துக்கு இடமே இல்லை: நீர்ச்சத்தையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்கி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தி, தாமதமின்றி அறுவை செய்தாக வேண்டும். கத்தியா, காத்திருப்பா என்னும் கேள்வி பின்னிரண்டு நிலைகளுக்கு மட்டுமே உரியது.

மலைச்சரிவில் கழியும் நேரம்

ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணி மாதங்களில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. போடியிலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் பெண்களும் ஆண்களும் விடியும் முன்னரே ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கும், அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை வட்டாரத் தோட்டங்களுக்கும் சென்று, மாலையில் திரும்புகிறார்கள். பலர் தோட்டத்து லயங்களிலேயே தங்குகிறார்கள். காலையில் வயிற்று வலி தொடங்கினாலும், வந்த ஜீப் மாலையில் திரும்பும் வரை தோட்டத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது. பாதி நாளில் இறங்கினால் அன்றைய கூலியும் போகிறது. குரங்கணிக்கு மேலும் அகமலைப் பக்கத்திலும் உள்ள மலைக் குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வர வேண்டியிருந்த நிலை, 108 ஊர்தி வந்த பிறகும் முற்றிலும் நீங்கிவிடவில்லை, ஏனெனில் ஊர்தி வருவதற்குப் பாதை வேண்டும்.

இந்த நேர இழப்போடு, நோயை வேறொன்றாக எண்ணிக்கொள்வதால் வரும் இழப்பும் சேர்கிறது. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் மங்கலான வலி முதலில் வாய்வு என்றோ, சூட்டு வலி என்றோ, பாரம் தூக்கியதால் வந்த குடலேற்றம் என்றோ கருதப்படுகிறது. குடலேற்றத்துக்கு வயிற்றை எண்ணெய் தடவி நீவிவிடும் வழக்கமும், வயிறு சுத்தமானால் வலி போகும் என்ற நம்பிக்கையில் விளக்கெண்ணெய் அல்லது பேதி மாத்திரை கொடுக்கும் வழக்கமும் தென்மாவட்டங்களில் பரவலாக உள்ளன. சாதாரண வயிற்றுப் பொருமலில் இவை பெரிய தீங்கு செய்யாமல் போகலாம். ஆனால் அடைபட்டு வீங்கிய குடல்வால் உள்ள வயிற்றில், பேதி மருந்து குடல் அசைவைத் தூண்டி உள்ளழுத்தத்தைக் கூட்டுகிறது. நீவும் கையோ மெலிந்துபோன சுவரைக் கிழிக்கவும், உருவாகிவரும் தடுப்பைப் பிரிக்கவும் கூடும். மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை வேறு வகையில் ஏமாற்றுகிறது. அது வலியை மட்டும் மறைக்க, உள்ளே நோய் தன் போக்கில் நடக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது, துளைபட்ட கணத்தில் வரும் ஆறுதல். இறுகி நின்ற குழாய் வெடித்து உள்ளழுத்தம் திடீரென இறங்கும்போது சில மணிநேரம் வலி குறைவதுண்டு. நோயாளியும் வீட்டாரும் நோய் தணிந்துவிட்டது என்று நம்பி மருத்துவமனைப் பயணத்தைக் கைவிடுகிறார்கள். பின்னர் காய்ச்சலும் நடுக்கமும் வயிற்று இறுக்கமும் திரும்பி வரும்போது, நோய் சிக்கலான நிலையை அடைந்திருக்கும். ஒரு நாளுக்கு மேல் நீடித்த அடிவயிற்று வலி தானே குறைந்தால் அதை நல்ல செய்தியாகக் கொள்ளாமல் பரிசோதனைக்குரிய அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்பது தோட்டத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர வேண்டிய செய்தி.

விவாதத்தின் வரலாறு

குடல்வாலை வெற்றிகரமாக அகற்றியதாகப் பதிவான முதல் அறுவையை 1735-இல் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் செய்தார். குடலிறக்கப் பைக்குள் வந்து, ஓர் ஊசியால் துளைபட்டிருந்த குடல்வாலை அவர் 11 வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து நீக்கினார். ஆயினும் வலது அடிவயிற்றுச் சீழ்க்கட்டிகளுக்கெல்லாம் மூலம் குடல்வாலே என்பதைத் தெளிவாக நிறுவி, நோய்க்கு இன்று வழங்கும் பெயரையும் இட்டவர் பாஸ்டன் நகரின் ரெஜினால்ட் ஃபிட்ஸ். அது நடந்தது 1886-இல். மூன்றாண்டுகள் கழித்து நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, அழுத்தினால் மிகுதியாக வலிக்கும் புள்ளியைக் குறித்து, நோய் முற்றும் முன்பே அறுவை செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்தக் கருத்து விரைவில் வலுப்பெற்றது. குடல்வால் வெடிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் நோயாளி பிழைப்பது எளிது என்பதில் அன்றும் இன்றும் ஐயமில்லை.

வெடித்த பிறகு வருவோரை என்ன செய்வது என்பதில்தான் கருத்துகள் பிரிந்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோ, நரம்பு வழியே நீர்மம் செலுத்தும் தேர்ந்த முறையோ இல்லாத அக்காலத்தில், ஒட்டிய திரளைப் பிரித்துச் செய்த அறுவைகள் பல மரணத்தில் முடிந்தன. சிகாகோவின் ஆல்பர்ட் ஆக்ஸ்னர் 1901-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு வழியை முன்வைத்தார். வாய்வழி உணவும் நீரும் கொடுப்பதில்லை, இரைப்பையைக் கழுவி வெறுமையாக்குவது, பேதி மருந்தை அறவே விலக்குவது, நோயாளியை அசையாமல் கிடத்துவது என்பவை அதன் கூறுகள். குடலின் அசைவே தொற்றை வயிறு முழுவதும் பரப்புகிறது என்பதும், அந்த அசைவை அடக்கினால் உடல் தன் தடுப்பை முழுமையாகக் கட்டிக்கொள்ளும் என்பதும் அவருடைய தர்க்கம். இலண்டனில் ஜேம்ஸ் ஷெரன் இதே முறையைச் செப்பமாக்கினார். இருவர் பெயராலும் ஆக்ஸ்னர்–ஷெரன் முறை என்று வழங்கும் இது இந்திய மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. நூற்றாண்டுக்கு முன் சிகாகோவில் விதிக்கப்பட்ட பேதி மருந்துத் தடை, விளக்கெண்ணெய்ப் பழக்கமுள்ள தேனி மாவட்டத்துக்கு இன்றும் அப்படியே பொருந்துவது கவனத்துக்குரியது.

அந்த விவாதத்தின் நடுவில், 1902 ஜூனில், பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் அவருக்குக் குடல்வால் சீழ்க்கட்டி இருப்பது உறுதியாயிற்று. ஜூன் 24 அன்று அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் சீழை மட்டும் வெளியேற்றினார். குடல்வாலைத் தேடி எடுக்க முயலவில்லை. மன்னர் தேறி, ஆகஸ்ட் 9 அன்று முடிசூடி, 1910 வரை வாழ்ந்தார். சீழைக் கட்டாயம் வடித்தாக வேண்டும், ஆனால் உறுப்பை அந்த நேரத்திலேயே எடுத்தாக வேண்டும் என்பதில்லை என்ற இன்றைய நிலைப்பாட்டின் சாரம் அந்தச் சிகிச்சையிலேயே இருந்தது.

அறுவையில்லா சிகிச்சையின் நடைமுறை

அறுவையில்லா சிகிச்சை என்பது நோயாளியைச் சும்மா படுக்க வைப்பதன்று; அது மணிக்கு மணி கண்காணிப்பைக் கோரும், உழைப்பு மிகுந்த சிகிச்சை. நோயாளி உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார். வாய்வழி உணவு நிறுத்தப்பட்டு நரம்பு வழியே நீர்மம் ஏற்றப்படுகிறது. குடல் பாக்டீரியாக்களில் உயிர்வளி உள்ள சூழலில் வாழ்பவற்றுக்கும் இல்லாத சூழலில் வாழ்பவற்றுக்கும் சேர்த்து, செஃப்ட்ரையாக்சோனுடன் மெட்ரோனிடசோல் போன்ற மருந்துக் கூட்டு செலுத்தப்படுகிறது. வயிற்றில் கைக்குத் தென்படும் திரளின் எல்லையைத் தோலின் மேல் பேனாவால் வரைந்து வைப்பது பழைய வழக்கம்; மறுநாள் அந்தக் கோட்டுக்குள் திரள் சுருங்கியிருக்கிறதா, அதைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நாடித்துடிப்பும் உடல் வெப்பமும் சீரான இடைவெளியில் குறிக்கப்படுகின்றன. அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேனில் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சீழ்த்தேக்கம் தெரிந்தால், ஸ்கேனின் துணையோடு தோல் வழியே மெல்லிய குழாய் செலுத்திச் சீழை வடிக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் முழு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை.

இந்த முறையை எப்போது கைவிட வேண்டும் என்பதும் அதன் பிரிக்க முடியாத பகுதி. நாடி தொடர்ந்து விரைந்தால், வலி வயிறு முழுவதும் பரவினால், திரள் கோட்டைத் தாண்டி வளர்ந்தால், வாந்தியோ குடலடைப்போ மிகுந்தால், காத்திருப்பு தோற்றது என்று ஏற்று அறுவைக்குச் செல்ல வேண்டும். ஆகவே எந்த நேரத்திலும் அறுவை செய்யக்கூடிய ஓர் அரங்கமும் குழுவும் அருகில் இருக்கும் இடத்தில்தான் காத்திருப்பு பாதுகாப்பானது. வீட்டிலோ லயத்திலோ நான்கு மாத்திரைகளோடு காத்திருப்பதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

ஆய்வுகள் காட்டுவது

திரள் ஒட்டி இறுகிய நிலையில் உடனே அறுவை செய்வதில் உள்ள இடர் தெளிவானது. அழற்சியால் பூரித்த குடற்சுவர் தொட்டாலே கிழியும், குடல்வால் எது, அண்டைக் குடல் எது என்று பிரித்தறிவது கடினம், குருதிப்போக்கு மிகும், சில வேளைகளில் சிறு உறுப்பை எடுக்கச் சென்ற மருத்துவர், பெருங்குடலின் வலப்பகுதியையே வெட்டி எடுக்க நேரிடும். ரோலாண்ட் ஆண்டர்சன், மாக்ஸ் பெட்ஸோல்ட் என்னும் சுவீடன் ஆய்வாளர்கள், 1964 முதல் 2005 வரை வெளியான 61 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், உடனடி அறுவைக்கு உட்பட்டோரில் 35.6% பேருக்குச் சிக்கல்கள் நேர, அறுவையின்றிச் சிகிச்சை பெற்றோரில் அது 13.5% ஆக இருந்தது. அறுவையில்லா சிகிச்சை 7.2% பேரிடம் தோற்றது. பின்னர் நோய் மீண்டது 7.4% பேருக்கு மட்டுமே. 1,572 நோயாளிகளை உள்ளடக்கிய 17 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த மற்றொரு பகுப்பாய்வும், காயத் தொற்று, வயிற்றுச் சீழ்க்கட்டி, குடலடைப்பு, மறு அறுவை ஆகிய அனைத்தும் அறுவையில்லா சிகிச்சையில் குறைவு என்றே கண்டது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இத்தொகுப்புகளில் அடங்கியவை பெரும்பாலும் நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிச் செய்யப்பட்டவை. மிகவும் நலிந்திருந்தவர்களை மருத்துவர்கள் உடனே அறுவைக்கு அனுப்பியிருந்தால், அவர்களுடைய சிக்கல்கள் அறுவையின் கணக்கில் ஏறியிருக்கும். மேலும் அவ்வறுவைகளில் பல, வயிற்றைத் திறந்து செய்தவை. ஜெர்மனியின் கர்ட் செம் 1980-இல் லேப்ராஸ்கோப் வழியே, அதாவது சிறு துளைகளில் கேமராவும் கருவிகளும் செலுத்தி, குடல்வாலை நீக்கிக் காட்டிய பிறகு பரவிய முறை, கணக்கை ஓரளவு மாற்றியிருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் சீழ்க்கட்டி உள்ள 60 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் தங்கிய நாட்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் லேப்ராஸ்கோப் அறுவை செய்துகொண்டோரில் 3% பேரே எதிர்பாராமல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள், அறுவையில்லா குழுவில் அது 27%. அதே ஆய்வில் அறுவைக் குழுவில் 10% பேருக்குக் குடற்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்ததும், 13% பேருக்குக் குடல்வாலை முழுமையாக நீக்க இயலாமல் போனதும் பதிவாகியுள்ளன. இவை அனுபவமிக்க கைகளில் கிடைத்த விளைவுகள்.

குழந்தைகளிடம் தராசு சற்றே வேறு பக்கம் சாய்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் குடல்வால் துளைபட்ட 131 சிறார்களிடம் நடந்து 2011-இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 13.8 நாட்களில் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்ப, சில வாரம் கழித்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு 19.4 நாட்கள் தேவைப்பட்டன. தீய விளைவுகள் முறையே 30%, 55%. துளைபட்டது என்ற ஒரே தலைப்பின் கீழ், நன்கு ஒட்டி அடங்கிய திரளும் அடங்காத தொற்றும் கலந்திருப்பதே இத்தகைய வேறுபாடுகளுக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே உலக அவசர அறுவை மருத்துவச் சங்கத்தின் 2020 ஆண்டு வழிகாட்டுதல், கைதேர்ந்த லேப்ராஸ்கோப் குழு உள்ள இடத்தில் அறுவையையும், அது இல்லாத இடத்தில் மருந்தையும் தேவைப்பட்டால் சீழ் வடிப்பையும் முதல் தேர்வாகக் கொள்ளச் சொல்கிறது. விடை நோயாளியின் வயிற்றில் மட்டும் இல்லை, அவர் வந்து சேர்ந்த மருத்துவமனையின் திறனிலும் இருக்கிறது என்பதை அந்த வழிகாட்டுதல் ஒளிவின்றி ஏற்கிறது.

அறுவையே இல்லாமல் குடல்வால் நோயைக் குணமாக்கலாம் என்று செய்தித்தாள்களில் வரும் ஆய்வுகளை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்லாந்தில் 530 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு சிக்கலற்ற தொடக்க நிலை நோயைப் பற்றியது. துளைபட்டோரும் மலக்கல் உள்ளோரும் அதில் சேர்க்கப்படவில்லை. மருந்து மட்டும் பெற்றோரில் 27.3% பேருக்கு ஓராண்டுக்குள்ளும், மொத்தம் 39.1% பேருக்கு ஐந்தாண்டுக்குள்ளும் அறுவை தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மருந்துக் குழுவில் மலக்கல் உள்ளோரில் 41% பேருக்கு 90 நாட்களுக்குள்ளேயே அறுவை செய்ய வேண்டியிருந்தது. இவ்வாய்வுகளை நம்பி, ஸ்கேனும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் மாத்திரையோடு நிற்பது, அவை சொல்லாத ஒன்றைச் செய்வதாகும்.

திரள் கரைந்த பிறகு

அறுவையின்றித் தேறியவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, ஒட்டல்கள் தளர்ந்த நிலையில் குடல்வாலை நீக்குவது இடைவெளி அறுவை எனப்படும். பத்தில் ஒருவருக்கும் குறைவானவருக்கே நோய் மீள்கிறது என்றால், எல்லோருக்கும் அந்த அறுவை தேவையா என்ற கேள்வி எழுகிறது. இளம் வயதினருக்கு வழக்கமாகத் தேவையில்லை, வலி மீண்டால் செய்துகொள்ளலாம் என்பதே இன்று வலுப்பெற்றுவரும் கருத்து. நாற்பது வயதைக் கடந்தவர்களின் நிலை வேறு. குடல்வால் சீழ்க்கட்டி தணிந்தவர்களிடம் இடைவெளி அறுவையையும் தொடர் ஸ்கேன் கண்காணிப்பையும் ஒப்பிட்ட ஒரு பின்லாந்து ஆய்வு, 60 பேர் சேர்ந்த நிலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. காரணம், எதிர்பாராத அளவில் 17% பேரிடம் குடல்வாலில் புற்று வகைக் கட்டிகள் கண்டறியப்பட்டன. அவர்கள் அனைவரும் 40 வயதைக் கடந்தவர்கள். 2019-இல் வெளியான இந்த முடிவுக்குப் பின், அந்த வயதினருக்குப் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் ஸ்கேனும் தவிர்க்க முடியாதவையாகிவிட்டன.

இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு. வலது அடிவயிற்றில் கைக்குத் தென்படும் கட்டி எல்லாம் குடல்வால் திரள் அன்று. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தைப் பற்றும் காசநோய், அமீபாவால் உண்டாகும் கட்டி, பெருங்குடல் புற்று, பெண்களிடம் கருப்பைத் துணையுறுப்பு நோய்கள் ஆகியவையும் அதே இடத்தில் கட்டியாகத் தோன்றும். மருந்தில் திரள் கரைந்துவிட்டது என்று நோயாளி மீண்டும் வராமல் போனால், காசநோயோ புற்றோ உள்ளே வளர இடம் கொடுத்ததாகிவிடும்.

போடியில் எடுக்க வேண்டிய முடிவு

போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனை, தேனியைக் கடந்து மதுரைச் சாலையில் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் அப்பால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை என்று சரிவின் கீழே சிகிச்சையின் படிநிலைகள் அமைந்துள்ளன. மலையின் மறுபுறத்தில் தங்கி வேலை செய்வோருக்கு நெடுங்கண்டம், அடிமாலி அரசு மருத்துவமனைகள் அருகில் இருக்கக்கூடும். வலி தொடங்கிய முதல் நாளிலேயே வந்து சேர்பவருக்கு இந்தக் கட்டுரையின் கேள்வி எழுவதே இல்லை. சிறிய அறுவையோடு அவர் சில நாட்களில் வீடு திரும்புவார். மூன்றாம், நான்காம் நாளில் திரளோடு வருபவருக்கு வயிறு தளர்ந்து, நாடி நிதானமாக, கட்டி ஓரிடத்தில் அடங்கியிருந்தால், மருந்தும் கண்காணிப்பும் பாதுகாப்பான தொடக்கம். அந்த முதல் மணிநேரங்களில் நீர்மமும் நுண்ணுயிர்க்கொல்லியும் தொடங்கி, அறுவைக் குழு உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவது சிறு மருத்துவமனைக்கும் இயலும். வயிறு இறுகி, நாடி விரைந்து வருபவருக்கோ எந்தக் காத்திருப்பும் ஆகாது.

அறுவையில்லா வழியைத் தேர்ந்தால், அதன் இரண்டாம் பாதியையும் திட்டமிட வேண்டும். எட்டு வாரம் கழித்து வரச் சொன்ன நாள், பறிப்பின் நடுச் சுற்றில் வந்து விழும். வலி இல்லாத ஒருவர் கூலியை விட்டு மருத்துவமனைக்கு வருவது எளிதன்று என்பதால், தொலைவில் தங்குபவர், திரும்பி வர வழியில்லாதவர், நாற்பது கடந்தவர் ஆகியோரின் விஷயத்தில் அனுபவமிக்க லேப்ராஸ்கோப் குழு அருகில் இருந்தால் அறுவையின் பக்கம் தராசு சாய்வது நியாயமே. காத்திருப்பைத் தேர்ந்தவர்களுக்கு, நோய் எது, கொடுத்த மருந்து எது, திரும்ப வர வேண்டிய நாள் எது, காய்ச்சலும் வலியும் மீண்டால் எங்கே போக வேண்டும் என்பவற்றைத் தமிழில் தெளிவாக எழுதிய சீட்டு கையில் இருக்க வேண்டும். எல்லை தாண்டி வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் அங்குள்ள மருத்துவருக்கு அது வழிகாட்டும். தோட்ட நிர்வாகமும் ஜீப் ஓட்டுநரும் வேலைக் கூட்டத்தின் மூத்த பெண்களும், வலது அடிவயிற்று வலியோடு சாப்பாடு பிடிக்காமல் படுத்திருப்பவருக்குப் பேதி மருந்தும் வயிறு நீவலும் கூடாது, மாலை வரை காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளை அறிந்திருந்தால், சிக்கலான நிலைக்குப் போகும் நோயாளிகளில் பலர் அதற்கு முன்பே மருத்துவரை அடைவார்கள். மருத்துவமனைக் கட்டிலில், திறமையுள்ளோர் கண்காணிக்கக் காத்திருப்பது சிகிச்சை. மலைச்சரிவில் காரணம் அறியாமல் காத்திருப்பது நோயின் பகுதி. எந்த ஆய்வின் முடிவாலும் இந்த இரண்டாவது காத்திருப்பை நியாயப்படுத்த முடியாது. அதைக் குறைப்பதற்கான பாதையும் ஊர்தியும் அன்றைய கூலியை இழக்காத உறுதியும் தொழிலாளருக்குக் கிடைக்கச் செய்வது, கத்தியா, காத்திருப்பா என்று முடிவெடுப்பதைப் போலவே மருத்துவத்தின் கடமையாகும்.